இடப்பக்க எல்லை

இப்போதெல்லாம் ஜனங்கள் எந்தக் காரியத்தையும் இரண்டு தடவை செய்கிறார்கள். தலைச்சோலை ஐயாக்கண்ணுவுக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். வீட்டைச் சுற்றிக் காப்பிச் செடி காய்த்துத் தொங்குகிறது. ஏற்காட்டுக் கடைத்தெருவுக்குப் போய்ப் பொட்டலத்தில் காப்பித்தூள் வாங்கி வருகிறார்கள். கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து அதே சாமியைக் காலண்டரில் மறுபடி கும்பிடுகிறார்கள். பஸ்ஸில் கண்டக்டரிடம் ஊர்ப்பேர் சொல்லிச் சீட்டு வாங்கினவன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் இந்த பஸ் அந்த ஊருக்குத்தானே போகிறது என்று கேட்கிறான். முதல் ஆள் சொன்னதில் நம்பிக்கை இல்லை. இரண்டாம் ஆள்மேல் மட்டும் எங்கிருந்து நம்பிக்கை வருகிறதோ.

அதற்கெல்லாம் மேலே இந்த டியூசன். பகல் பூராவும் பள்ளிக்கூடத்தில் ஒருத்தர் சொல்லிக்கொடுத்ததை, இன்னொருத்தர் வீட்டுக்குப் போய் மறுபடி கேட்பது.

"மொத ஆளு சரியாச் சொல்லியிருந்தா ரெண்டாவது ஆளு எதுக்கு? தப்பாச் சொல்லியிருந்தா அவருக்குச் சம்பளம் எதுக்கு?" என்று மகளைக் கேட்டார்.

"மொத ஆளே இல்லைங்கப்பா" என்றாள் பார்வதி. "கணக்கு டீச்சரு பிரசவத்துக்குப் போயிட்டாங்க. முழுப் பரீட்சைக்கு அப்பறந்தான் வருவாங்க."

பார்வதி பிளஸ் ஒன் படித்தாள். அவள் படிப்புக்கு ஐயாக்கண்ணு வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: என்றைக்குப் பெயில் ஆகிறாளோ அன்றைக்குப் படிப்புக்கு முழுக்கு. அதை அவர் சும்மா சொல்லவில்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பெரிய மகள் எட்டாவதில் தவறினாள். அடுத்த வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. பார்வதி மற்ற பாடங்களை எப்படியோ தள்ளிவிடுவாள். கணக்கில் புதிதாக வந்திருக்கும் பாடம்தான் தலைகீழாக நின்றது. அதைச் சொல்லிக்கொடுக்க இந்த மலையில் கைக்கெட்டிய தூரத்தில் ஒரே ஆள்தான் உண்டு. அந்த ஆள் லூர்துராஜ். பக்கத்து எஸ்டேட் ரைட்டர்.

ஐயாக்கண்ணுவுக்கு வேறு எந்த மனிதர் பேரைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை.

லூர்துராஜ் சேலத்தில் கணக்கு எடுத்து பி.எஸ்சி. படித்தவர். வாத்தியார் வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் மலையேறி எஸ்டேட்டில் ஆள் பேர் எழுத வந்தவர். மனிதர் மேல் தனியாக ஒரு குறையும் கிடையாது. அவர் எழுதுகிற எஸ்டேட் மேல்தான் குறை. அந்த எஸ்டேட்டுக்கும் ஐயாக்கண்ணுவின் காட்டுக்கும் நடுவே ஒரு முள்கம்பி வேலி போகிறது. கம்பி கட்டின மரக்கம்பு அழுகும்போதெல்லாம் எஸ்டேட் ஆட்கள் வந்து புதுக் கம்பு நடுவார்கள். புதுக் கம்பு பழைய குழியில் இறங்காது. குழி இளகிவிட்டது என்று சொல்லி, ஒரு கை இந்தப் பக்கம் தள்ளி இறங்கும். ஒரு கை அகலத்துக்காக யார் போய்ச் சண்டை பிடிப்பது? ஐயாக்கண்ணுவும் பிடிக்கவில்லை. அப்படியே வருசங்கள் போய், அவருடைய அப்பன் வைத்த கொய்யா மரம் ஒருநாள் பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. ரைட்டருக்குக் கட்டின வீட்டு வாசலில், ரைட்டர் மனைவி துணி காயப்போடும் கயிற்றுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு.

ஆகவே அவர் ஒத்துக்கொண்டது ஒரு நிபந்தனையின்மேல். பெண் தனியாகப் போகக்கூடாது. கூடவே அவரும் வருவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பனும் மகளும் வேலியைச் சுற்றிக்கொண்டு எஸ்டேட் கேட் வழியாகப் போனார்கள். பார்வதி செருப்பைக் கழற்றிவிட்டு வராண்டாவில் ஏறி உள்ளே போனாள். ஐயாக்கண்ணு வராண்டா வரைக்கும் போகவில்லை. கொய்யா மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

"உள்ள வாங்க பெரியவரே. பனியில உக்காந்துட்டு" என்று லூர்துராஜ் கூப்பிட்டார்.

"நான் எங்க காட்டுலதான் உக்காந்திருக்கறன். நீ உன் சோலியப் பாரு."

ரைட்டரின் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. அடுத்த வாரமும் வைத்தாள். அப்போதும் தொடவில்லை. அதற்கடுத்த வாரம் அவள் காப்பி கொண்டுவரவில்லை. அதுவும் அவருக்கு ஒரு குறையாகத்தான் பட்டது.

பங்குனி பிறந்துவிட்டது. மலை முழுக்கக் காப்பிச் செடிகள் மொட்டுக் கட்டி, பூ மழைக்காகக் காத்திருந்தன. ஒரு நல்ல மழை விழுந்தால் எல்லா மொட்டும் ஒன்றாக வெடிக்கும். விழாவிட்டால் மொட்டு கருகி உதிரும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயாக்கண்ணு மரத்தடியில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று வீட்டுப் பக்கமிருந்து அடித்தது. அதுவரை முணுமுணுப்பாக இருந்த பேச்சு அன்றைக்குத்தான் காதில் தெளிவாக விழுந்தது.

"மொதல்ல எந்தச் சார்புன்னு பாத்துக்கோம்மா" என்றார் லூர்துராஜ். "சார்பு தெரியாம எல்லைக்குப் போகக்கூடாது."

ஐயாக்கண்ணு வானத்திலிருந்து பார்வையை இறக்கினார்.

"இது ரெண்டு பக்கமும் வேற வேற சார்பா இருக்குதுங்க சார்" என்றாள் பார்வதி.

"ஆமா. அதனால இடப்பக்க எல்லையைத் தனியா எடு. வலப்பக்க எல்லையைத் தனியா எடு."

ரைட்டர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் வலப்பக்கம் எஸ்டேட். இடப்பக்கம் ஐயாக்கண்ணுவின் காடு. அவர் மூச்சைக் கூடச் சத்தமில்லாமல் விட்டார்.

"இடப்பக்கத்துல கொஞ்சம் கொஞ்சமா நெருங்கணும். சட்டுனு அங்க போய் நின்னா மாட்டிக்குவோம்."

"எவ்வளவு தூரம் நெருங்கலாங்க சார்?"

"எவ்வளவு வேணும்னாலும். தொடாத வரைக்கும் யாரும் நம்மளக் கேக்க முடியாது." ஏதோ பலகையில் எழுதுகிற சத்தம் கேட்டது. "கடைசியில ரெண்டு எல்லையும் ஒத்துப் போச்சுன்னா எல்லை இருக்குது. ஒத்துப் போகலைன்னா, எல்லை இல்லைன்னு நீயே எழுதிக் குடுத்திரு."

எழுதிக் குடுத்திரு என்றதும் ஐயாக்கண்ணு எழுந்தார். எழுத்து என்றால் அவருக்கு ஆகாது. அவர் அப்பனுக்கு இருந்த மேட்டுக் காடு போனதும் யாரோ எதையோ எழுதி, அப்பன் பெருவிரலை மையில் அமுக்கினதால்தான். கொய்யா மரத்தைத் தாண்டி ஒருநாளும் போகாதவர், நேரே ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பார்வதி, ஏந்திரி."

லூர்துராஜ் சாக்பீஸோடு திரும்பினார். "என்னாச்சுங்க பெரியவரே?"

"எம்புள்ளைய என்னத்த எழுதிக் குடுக்கச் சொல்ற?"

"வீட்டுக் கணக்குங்க."

"எந்த ஊட்டுக் கணக்கு? உன் ஊட்டுக் கணக்கா, எங்க ஊட்டுக் கணக்கா?"

பார்வதி சிரித்துவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவரை உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். பெற்ற மகளே எதிராளி வீட்டில் உட்கார்ந்து தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்றதும் அவருக்குக் காது அடைத்துக்கொண்டது. வழி நெடுக அவள் என்னென்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள். "அது காட்டு எல்லை இல்லைங்கப்பா. கணக்கு எல்லை. சார்புன்னா ஃபங்ஷன், எல்லைன்னா லிமிட்டு. அதை யாரும் கண்ணால பாக்க முடியாது" என்றாள்.

"கண்ணுக்குத் தெரியற எல்லைக்கே இந்தக் கதி" என்றார் அவர். "கண்ணுக்குத் தெரியாத எல்லைய அவங்கிட்ட குடுத்தா நான் எங்க போயித் தேடறது? இனி அந்த வேலியத் தாண்டி நீ காலு வெக்கப்படாது. அவ்வளவுதான்."

வீட்டில் அவர் மனைவி அத்தாயி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, அந்த ஆளு எல்லையத் திருடறவனா இருந்தா, நம்ம புள்ளையக் கூப்புட்டு வெச்சு, உங்களையும் மரத்தடியில உக்கார வெச்சுக்கிட்டா திருடுவான்?"

"கம்பு நட்டப்பவும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தன்."

"அதுக்கு ரைட்டரு என்ன பண்ணுவாரு? அவரு வந்தே நாலு வருசந்தான ஆகுது."

"எஸ்டேட் சோறுதான திங்கறான்? அவன் எந்தச் சார்புன்னு எனக்குத் தெரியாதா? அவனே புள்ளகிட்டச் சொல்றான், மொதல்ல எந்தச் சார்புன்னு பாருன்னு."

"பரீட்சையில போயிருச்சுன்னா?"

"போனாப் போவுது."

அத்தாயி மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். "போனாப் போவுதுன்னு சொல்றதுக்கு உங்களுக்கென்ன. ஊருக்கெல்லாம் எம்புள்ள கணக்குப் படிக்குதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது நீங்கதான், நானா?"

அது உண்மைதான்.

அந்த வாரம் பார்வதி அழவில்லை. சோற்றைத் தள்ளவும் இல்லை. பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், தண்ணீர் எடுத்தாள். ஆனால் வீட்டில் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் கரித்துண்டால் தரையில் எதையோ எழுதுவாள், பாதியில் நிற்பாள், புறங்கையால் அழிப்பாள். எழுதுவது எல்லாம் ஒரே கணக்கு என்பது ஐயாக்கண்ணுவுக்கே தெரிந்துவிட்டது. மூன்றாவது வரைக்கும் படித்தவர்தான், எண் தெரியும். ஒவ்வொரு தடவையும் கடைசியில் மேலே ஒரு சைபர், கீழே ஒரு சைபர், நடுவில் ஒரு கோடு. அதோடு நின்றுவிடும். வண்டி சேற்றில் இறங்கின மாதிரி அதே இடத்தில் போய்ப் போய் நின்றது. அவருக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அவர் காட்டின் மேற்புறத்தில் மிளகுக் கொடிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கீழே வேலி ஓரமாக மகளின் குரல் கேட்டது. ஆட்டை ஓட்டுகிறாள் என்று நினைத்தார். ஆட்டிடம் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள்.

"சார், மூணைப் போட்டாப் பூஜ்யம் வருதுங்க" என்று அவள் கத்தினாள்.

எஸ்டேட் பக்கம் காப்பிச் செடிகளுக்குக் கவாத்து நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் வெட்டின கிளைகளுக்கு நடுவிலிருந்து லூர்துராஜின் குரல் பதிலுக்கு வந்தது.

"மூணைப் போடாதம்மா. மூணுக்குப் பக்கத்துல போ."

"எந்தப் பக்கங்க சார்?"

"ரெண்டு பக்கமும் போகணும். யக்கா, அந்தச் செடியில நடுக்கொம்பை விட்டுட்டு வெட்டுங்க. உன்னைச் சொல்லலைம்மா, நீ கணக்கைப் பாரு."

ஐயாக்கண்ணு இறங்கி வந்தார். பார்வதி வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு. அப்பனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், ஓடவில்லை.

"என்ன புள்ள இது?"

"வேலியத் தாண்டிக் காலு வெக்கப்படாதுன்னுதானுங்களே சொன்னீங்க. நான் தாண்டலைங்க."

அவர் வேலியைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். சொன்ன சொல்லுக்குள் ஒரு சந்து இருந்ததை அவள் கண்டுபிடித்திருக்கிறாள். இது எங்கிருந்து வந்த புத்தி என்று அவருக்குத் தெரியும். அதனால் கோபம் முழுதாக வரவில்லை.

லூர்துராஜ் செடிகளை விலக்கிக்கொண்டு வேலியண்டை வந்தார். சட்டையெல்லாம் இலைத்தூசி. "கோவிச்சுக்காதீங்க பெரியவரே. புள்ள கேட்டுச்சு, சொன்னேன்."

"இங்க வா ரைட்டரே" என்றார் ஐயாக்கண்ணு. "அந்தக் கணக்க என் முன்னால சொல்லு. நான் கேக்கறன்."

"இப்பவா? வேலை நடக்குதுங்களே."

"எல்லை விசயம் பேசறதுக்கு வேலையப் பாதியில விட்டுட்டு வர்றது உங்க எஸ்டேட்டுல புதுசா?"

கவாத்துப் பெண்கள் சிரித்தார்கள். லூர்துராஜும் சிரித்துவிட்டு, முள்கம்பி மேல் கை படாமல் கம்பில் சாய்ந்து நின்றார். பாறைமேல் அப்பன் உட்கார்ந்தார். நடுவில் நின்ற பார்வதி கணக்கைப் படித்தாள். ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அதில் ஒன்பதைக் கழிக்க வேண்டும். வந்ததை, அந்த எண்ணில் மூன்று கழித்ததால் வகுக்க வேண்டும். அந்த எண் மூன்றை நெருங்கும்போது எல்லை என்ன?

"மூணையே போட வேண்டியதுதான?" என்றார் ஐயாக்கண்ணு.

"போட்டா மேலயும் பூஜ்யம், கீழயும் பூஜ்யம் வருதுங்கப்பா. அதை வகுக்க முடியாது."

"ஒண்ணுமில்லாதத, ஒருத்தருமே இல்லாத எடத்துல பங்கு போடற மாதிரி."

"அதேதாங்க" என்றார் லூர்துராஜ். "அதனாலதான் மூணுக்குப் போகாம, பக்கத்துல போய்ப் பாக்கறது. பார்வதி, ரெண்டே முக்கால் போடு."

அவள் போட்டாள். நேரம் ஆயிற்று. "அஞ்சே முக்கால் வருதுங்க சார்."

"இப்ப அந்தப் பக்கம் போ. மூணே கால்."

"ஆறே கால்."

"இன்னும் கிட்டக் கிட்டப் போனா?"

பார்வதி பென்சிலை எடுக்கவில்லை. வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு பக்கமும் ஆறுக்குத்தான் போவுதுங்க" என்றாள் மெதுவாக.

"அப்ப மூணுல ஆறு இருக்குதா?" என்றார் அப்பன்.

"மூணுல ஒண்ணுமே இல்லைங்கப்பா. எல்லைதான் ஆறு."

"ஒண்ணுமில்லாத எடத்துல ஆறு இருக்குதுன்னு யாரு சொன்னது?"

"ரெண்டு பக்கமும் சொல்லுதுங்களே."

"அவங்க அங்க போயிப் பாத்தாங்களா?"

"போகலைங்க."

"போகாதவன் சாட்சி செல்லாது" என்றார் ஐயாக்கண்ணு.

கவாத்துக் கத்திகள் நின்றுவிட்டன. பெண்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பார்வதிக்கு அதெல்லாம் கவனத்தில் இல்லை. நோட்டை வேலிக்கம்பின் தலையில் வைத்து வேகமாக எழுத ஆரம்பித்தாள். "சார், ஒம்பது கழிச்சத ரெண்டாப் பிரிக்கலாங்க. மூணு கழிச்சது ஒண்ணு, மூணு கூட்டினது ஒண்ணு. அப்ப மேல இருக்கற மூணு கழிச்சதும் கீழ இருக்கறதும் அடிபட்டுப் போயிருதுங்க. மிச்சம் மூணும் மூணும் ஆறு." வாரம் பூராவும் அடுப்படியில் சிக்கிக் கிடந்த வண்டி மேடேறிவிட்டது. அவள் முகத்தில் அது தெரிந்தது.

ஐயாக்கண்ணுவும் அந்த முகத்தைப் பார்த்தார். பார்த்தும் விடவில்லை.

"இரு புள்ள. மேலயும் கீழயும் அடிச்சியே, அது பூஜ்யம்தான? பூஜ்யத்தால வகுக்கக் கூடாதுன்னு இப்பத்தான சொன்னீங்க?"

"அங்க நின்னாத்தானுங்க பூஜ்யம்" என்றார் லூர்துராஜ். "நாம பக்கத்துல தானுங்க நிக்கறோம். அதனால அது பூஜ்யம் இல்லைங்க. நொம்பச் சின்னது, அவ்வளவுதான்."

"அடிக்கறப்ப பூஜ்யம் இல்ல. அடிச்சு முடிச்சுட்டு, மூணுலயே போயி நின்னு மூணையும் மூணையும் கூட்டறப்ப மட்டும் அது பூஜ்யம்."

லூர்துராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு யோசித்தார். "அப்படிச் சொல்லக்கூடாதுங்க. அதுக்கு வேற விளக்கம் இருக்குது. ஆனா கொஞ்சம் பெரிசு."

"எனக்கு வெளக்கம் வேண்டாம். இந்தக் கணக்கு எனக்குத் தெரியும்." அவர் கையை நீட்டி வேலிக்கம்பைக் காட்டினார். "இந்தக் கம்பு அழுகினப்ப ஒரு கை இந்தப் பக்கமா வந்து நட்டாங்க. கேட்டா, இத்தினியூண்டு, இது ஒரு கணக்கா பெரியவரேன்னாங்க. அப்ப அது பூஜ்யம். அடுத்த தடவையும் பூஜ்யம். பூஜ்யம் பூஜ்யமா வந்துதான் எங்கப்பன் வெச்ச கொய்யா மரம் உன் ஊட்டு வாசலுக்குப் போச்சு."

கீழே ரோட்டில் சேலம் பஸ் திணறிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது.

"பூஜ்யத்தை எத்தனை தடவை கூட்டினாலும் பூஜ்யம்தாங்க" என்றார் லூர்துராஜ் கடைசியில். "மரம் போச்சுன்னா, அது பூஜ்யமா இருந்திருக்காது. சின்னதா இருந்திருக்கும்."

"இதை உங்க முதலாளி மெட்ராஸ்ல இருந்து வர்றப்ப சொல்லுவியா?"

லூர்துராஜ் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "நான் ரைட்டருங்க பெரியவரே. எனக்கு ரெண்டு கொழந்தை."

அந்தப் பதில் ஐயாக்கண்ணுவுக்குப் பிடித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த ஆள் இத்தனை நாளில் சொன்னதிலேயே நேராகச் சொன்ன சொல் இதுதான் என்று பட்டது. பொய் சொல்கிறவனாக இருந்தால் சொல்கிறேன் என்றிருப்பான்.

"அன்னிக்கு எம்புள்ளைய எழுதிக் குடுக்கச் சொன்னியே, அது என்ன?"

"அது வேற கணக்குங்கப்பா" என்றாள் பார்வதி. "அதுல இடப்பக்கத்துல இருந்து வந்தா ஒரு விடை வரும். வலப்பக்கத்துல இருந்து வந்தா வேற விடை. ரெண்டும் ஒத்துப் போகாது. அதனால எல்லை இல்லைன்னு எழுதோணும். அதான் சரியான விடை. அதுக்கு மார்க் உண்டு."

"எல்லை இல்லைன்னா மார்க்கா?"

"ஆமாங்க."

அவர் வேலியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். "நான் ஒரு எடம் சொல்றன். எஸ்டேட்டு ஒரு எடம் சொல்லுது. அப்ப உங்க கணக்குப்படி இந்த வேலிக்கு?"

பார்வதி லூர்துராஜைப் பார்த்தாள். லூர்துராஜ் தலையைச் சொறிந்தார். "கணக்குல கேட்டீங்கன்னா, எல்லையே இல்லைங்க" என்றார். பிறகு அவசரமாக, "கணக்குல மட்டுந்தாங்க" என்றார்.

கவாத்துப் பெண்களில் ஒருத்தி, "ரைட்டரே, இது முதலாளி காதுல விழுந்தா நாளைக்கு நீங்களும் எங்ககூடக் கத்தி பிடிக்க வந்துருவீங்க போல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஐயாக்கண்ணு சிரிக்கவில்லை, மீசையை மட்டும் தடவிக்கொண்டார்.

அப்போதுதான் முதல் துளி விழுந்தது. நோட்டின்மேல், பார்வதி எழுதின ஆறின்மேலேயே விழுந்து பென்சில் எழுத்தைச் சுற்றித் தாளை ஊறவைத்தது. அவள் நோட்டைத் தாவணிக்குள் மறைத்தாள். எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். இரண்டு துளி, நான்கு துளி, பிறகு செடிகளின்மேல் சடசடவென்று சத்தம். பூ மழை. பெண்கள் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார்கள். எஸ்டேட் காப்பிக்கும் அவருடைய காப்பிக்கும் ஒரே மழைதான் விழுந்தது.

"இன்னும் நாலு கணக்கு இருக்குதுங்க சார்" என்றாள் பார்வதி.

"மழை விடட்டும்மா. இல்லைன்னா..." லூர்துராஜ் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார், பாதியில் கையை இறக்கிக்கொண்டார். ஐயாக்கண்ணுவைப் பார்த்தார்.

பார்வதியும் பார்த்தாள். கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் ஒருவேளை அவர் மாட்டேன் என்று சொல்லியிருப்பார். தலையில் மழை ஒழுக, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வேலிக்கு இந்தப் பக்கம், சொன்ன சொல்லை மீறாமல் நின்றாள்.

அவர் வேலியண்டை போனார். கீழ்க்கம்பியை மிதித்துத் தாழ்த்தினார். மேல்கம்பியைத் துண்டைச் சுற்றிப் பிடித்து உயர்த்தினார். நடுவில் ஒரு ஆள் குனிந்து போகிற இடம் கிடைத்தது.

"போ."

"அப்பா, வேலியத் தாண்டக்கூடாதுன்னு..."

"எது வேலி? இதா? இது நேத்து நட்டது. அந்தக் கொய்யா மரம் வரைக்கும் நம்ம காடு. அதுக்கு அடியில போயி உக்காரு. நீ எல்லை ஒண்ணும் தாண்டல."

"மரத்தடியில நனையுமுங்களே" என்றார் லூர்துராஜ்.

ஐயாக்கண்ணு யோசித்தார். "சாயங்காலத்துல அந்த மரத்து நெழல் உன் வராண்டாவுல விழுதில்ல?"

"விழுதுங்க."

"அப்பன் வெச்ச மரம். அது நெழல் விழற எடமும் எங்களுதுதான். அங்க உக்காரட்டும்."

"இப்ப வெயிலே இல்லைங்களே பெரியவரே."

"இருந்தா விழும் இல்ல? அங்க போகாமலே ஆறுன்னு சொல்றவன், நெழலு விழாமலே என் எடம்னு நான் சொன்னா ஒத்துக்க மாட்டியா?"

லூர்துராஜ் வாய்விட்டுச் சிரித்தார். பார்வதி குனிந்து கம்பிக்குள் நுழைந்தாள். தாவணி முள்ளில் மாட்டியது. அவர் ஒரு கையால் அதைக் கிழியாமல் எடுத்துவிட்டார். அவள் அந்தப் பக்கம் நிமிர்ந்து நின்று, "நீங்க வரலைங்களா?" என்று கேட்டாள்.

"எனக்குச் சோலி இருக்குது. மஞ்சு எறங்கி வழி மறையறதுக்குள்ள ஊடு வந்து சேரு, கண்ணு." பிறகு லூர்துராஜைப் பார்த்து, "புள்ளைக்குக் காப்பி குடுக்கச் சொல்லு உன் ஊட்டுக்காரிய. நனைஞ்சிருக்குது" என்றார்.

கம்பியை விட்டார். அது துள்ளி அதிர்ந்து நின்றது. இரண்டு பேரும் மழையில் கொய்யா மரத்தைப் பார்த்து ஓடினார்கள். ஓடிக்கொண்டே அவள் அடுத்த கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐயாக்கண்ணு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினார். மொட்டெல்லாம் நனைந்து, மண் வாசனை கிளம்பியிருந்தது. இன்னும் எட்டு நாளில் காடு வெள்ளையாகிவிடும். நடுவழியில் நின்று, நனைந்த கிளை ஒன்றைப் பிடித்து மொட்டைப் பார்த்தார். மூணுக்கு இந்தப் பக்கம் போனானாம், அந்தப் பக்கம் போனானாம். மூணுக்கு மட்டும் போகலையாம். போகாமலே ஆறாம்.

"போயிப் பாத்திருக்கோணும்" என்று மொட்டிடம் சொல்லிவிட்டு, கிளையை விட்டு, நடந்தார்.